தோரணம் இருக்கட்டும், வண்டி எத்தினி மணிக்கு?

இன்னா பேராண்டி, வூடு வாங்கப் போறியாமே? "தாம்பரம் ரயில் நிலையத்துக்கு மிக அருகில், நடந்தால் ஐந்தே நிமிடம்"னு நோட்டீசுல போட்டிருக்கான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியிறியாம். நீ நடந்து பாத்தியா? அந்த நோட்டீசு குடுத்தவனாவது நடந்திருப்பானா? அவன் காருல வந்து எறங்குறவன். காக்கா பறக்குற கணக்கைச் சொல்றான். காக்காவுக்கு ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டுற வேலை கெடையாது. மேம்பாலப் படி ஏறுற வேலையும் கெடையாது.

சொல்றேன் கேளு. மே மாசம் உச்சி வெய்யில்ல ஒரு தடவை, கார்த்திகை மழையில ஒரு தடவை, கையில பத்து கிலோ அரிசிப் பையோட அந்த வூட்டுலருந்து டேசன் வரைக்கும் நட. அப்பால அட்வான்சு குடு. 2015 டிசம்பர்ல முடிச்சூர்லயும் வரதராஜபுரத்துலயும் தெருவுல படகு வுட்டாங்களே, ஞாபகம் இருக்கா? நோட்டீசுல படகு படம் போட்டிருக்கானா? போட மாட்டான். நீச்சல் குளம் போட்டிருப்பான்.

சரி, டேசன் நெசமாவே பக்கத்துல இருக்குன்னு வெச்சுக்க. பக்கத்துல இருந்து இன்னா புண்ணியம்? வண்டி நிக்கணுமே! நிக்காத வண்டி சத்தம்தான் குடுக்கும், சவாரி குடுக்காது. எத்தினி மணிக்கு முதல் வண்டி, எத்தினி மணிக்குக் கடைசி வண்டி, ஞாயித்துக்கெழமை எத்தினி கம்மின்னு கேட்டியா? கேக்கல. மாடியில பூங்கா இருக்கான்னு கேட்டிருப்ப. உன்னைத் தெரியாதா எனக்கு?

எங்க தாத்தன் காலத்துல தாம்பரம்னா சும்மா இல்லடா. மெட்ராஸ்காரங்க காத்து வாங்க வந்த எடம். நான் வெளையாட்டுக்குச் சொல்லல. 1928ல டாக்டர் சவுரிமுத்துன்னு ஒருத்தரு, சீமையில காசநோய்க்கு வைத்தியம் பாத்துட்டு வந்தவரு, பச்சைமலை அடிவாரத்தைப் பாத்தாரு. மருந்தை வுடத் திறந்தவெளிக் காத்து பெரிசுன்னு நம்புன மனுசன். இங்கதான் காத்து சுத்தம்னு ஆசுபத்திரியைக் கட்டுனாரு. அந்த சானடோரியம் பேருலதான் இன்னிக்கும் டேசன் நிக்குது. தோல் கம்பெனி இருந்ததால குரோம்பேட்டை, ஆசுபத்திரி இருந்ததால சானடோரியம். அன்னிக்கு டேசனுக்குப் பேரு வெக்க கமிட்டியெல்லாம் வேணாம். அங்க இன்னா நடக்குதோ அதான் பேரு.

அப்பால வந்துச்சு கரண்டு வண்டி. 1931 ஏப்ரல் 2ந் தேதி கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லி தொரை தொறந்து வெச்சாரு. மே 11லருந்து பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் முழுசா ஓட ஆரம்பிச்சுது. இந்தியாவுலயே மீட்டர் கேஜ் தண்டவாளத்துல கரண்டு வண்டி ஓடுன முதல் பாதை இதுதான். எங்க தாத்தன் கதை கதையாச் சொல்லுவாரு. ஒரு கும்பல், "பொகை வராத வண்டி எப்பிடிடா ஓடும்"னு சிரிச்சுதாம். இன்னொரு கும்பல் வேலை வெட்டி இல்லாம பட்டுத்துணி கட்டிக்கினு சைதாப்பேட்டை வரைக்கும் போயி, ஒரு காப்பி குடிச்சிட்டுத் திரும்பி வந்துதாம். பெருமை! கொஞ்ச நாள்ல பட்டுத்துணிக்காரன் காணாமப் போயிட்டான். அதே வண்டியில மோர்ப்பானையும் கீரைக்கட்டும் ஏறுச்சு. அன்னிக்குத்தான்டா அது வண்டி ஆச்சு. அதுவரைக்கும் அது வேடிக்கை.

1937ல கிறித்தவக் கல்லூரி டவுனை வுட்டு இங்க வந்துது. அவ்ளோ பெரிய காலேஜி காட்டுக்குள்ள எதை நம்பி வந்துது? வாசல்ல வண்டி நிக்குதே, அதையும் நம்பித்தான். ரயிலு நிக்குற எடத்துல ஊரு தானா மொளைக்கும். ஊரு மொளைச்சதுக்கு அப்பால ரயிலைத் தேடுனா நாக்கு தள்ளும்.

அந்த மீட்டர் கேஜ் கரண்டு வண்டி 2004 ஜூலை 1ந் தேதியோட நின்னுது. அன்னிக்கு வண்டிக்கு மாலை இன்னா, போட்டோ இன்னா, கண்ணீர் இன்னா! மறுநாள் காலையில அழுத கண்ணோட அம்புட்டுப் பேரும் அகலப் பாதை வண்டியில சன்னலோர சீட்டுக்கு முட்டுனாங்க. ஒரு மீட்டர் தண்டவாளம் 1.676 மீட்டர் ஆச்சு. பெட்டி பெரிசாச்சு. ஆனா மூணு பேரு சீட்டுல நாலாவது ஆளு வந்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்"னு சொன்னா, அந்த மூணு பேரும் காது கேக்காதவங்களா ஆயிடுறாங்களே, அதை எந்த இஞ்சினீயரு அகலப்படுத்துவாரு?

இப்ப உங்க ஏசி வண்டிக்கு வரேன். 2025 ஏப்ரல் 19லருந்து பீச்சு, தாம்பரம், செங்கல்பட்டுன்னு ஓடுது. பெரம்பூர்ல நம்ம ஐசிஎப்புல செஞ்ச வண்டிதான், பன்னெண்டு பெட்டி. நல்லாத்தான் இருக்கு, நான் கொறை சொல்லல. சாதா வண்டியில கொறைஞ்ச டிக்கெட்டு அஞ்சு ரூபா. இதுல முப்பத்தஞ்சு. பீச்சுலருந்து செங்கல்பட்டுக்கு நூத்தி அஞ்சு. குடுக்குறவன் குடுக்கட்டும். எனக்கு ஒண்ணுதான் சிரிப்பு வருது. காத்துக்காகவே ஆசுபத்திரி கட்டுன எடத்தை, கண்ணாடிய இறுக்க மூடிக்கினு, காசு குடுத்துக் காத்து வாங்கிக்கினு தாண்டிப் போறியே பேராண்டி! சவுரிமுத்து டாக்டர் பாத்தா இன்னா சொல்லுவாரு?

ஏறுனவன் உக்காந்தானா? இல்ல. மொதல்ல செல்லைத் தூக்கிப் படம் எடுக்குறான். ஏசி ஓட்டையைப் படம் எடுக்குறான். பக்கத்துல கைக்கொழந்தையோட ஒரு பொண்ணு நிக்குது, அதைப் பாக்க மாட்டான். ஆபீசுல ஏசி, வூட்டுல ஏசி, நடுவுல அம்பது நிமிசம் வேர்த்தா உருகிடுவியா நீ?

இரு, மூஞ்சியத் தூக்கிக்காத. அந்த வண்டியில நெசமாவே ஒரு நல்லது இருக்கு. ஆனா நீ படம் எடுத்தது அதை இல்ல. கதவு. தானா மூடிக்கிற கதவு. அதுல எவனும் படியில தொங்க முடியாது. 2018 ஜூலையில பரங்கிமலை டேசன்ல தொங்கிக்கினு போன புள்ளைங்க சுவத்துல மோதி செத்துப் போச்சுங்க. கூட்டம் தாங்காம தொங்குனதுதான், விளையாட்டுக்கு இல்ல. அதைச் சொல்லும்போது எனக்கு நையாண்டி வர மாட்டேங்குது. ஏசி வேணுமா வேணாமான்னு பேசுறீங்களே, அந்த மூடுற கதவை அஞ்சு ரூபா வண்டிக்கும் போட்டு, அஞ்சு நிமிசத்துக்கு ஒரு வண்டி வுடச் சொல்லி எவனாவது கேட்டீங்களா? காத்தைக் காசுக்கு விக்கலாம். உசிரை அப்பிடி விக்கலாமா?

அதே பரங்கிமலை டேசனை 2025 மே 22ந் தேதி புது மொகப்பு கட்டித் தொறந்தாங்க. அம்ருத் பாரத் திட்டம்னு சொல்றாங்க. அன்னிக்கு நாடு பூரா 103 டேசன் தொறப்பு. வெளக்கு, வளைவு, பூந்தொட்டி, எல்லாம் ஜோரு. வயசான காலத்துல நானும் வேடிக்கை பாப்பேன். ஆனா மொகப்பைப் பாத்துட்டு ஊருக்குப் போவ முடியுமா? பூந்தொட்டியில ஏறி உக்காந்தா கிண்டி வருமா?

டிக்கெட்டு விசயத்துக்கு வரேன். அதுலதான் உங்க கூத்து உச்சம். தானியங்கி டிக்கெட்டு மெசினுன்னு ஒண்ணு வெச்சாங்க. தானா இயங்குமாம். பக்கத்துல போயிப் பாரு. அதை அமுக்குறதுக்கு ஒரு பெரியவரு நிப்பாரு, ரயில்வேயில வேலை பாத்து ரிட்டையர் ஆனவரா இருப்பாரு. நீ "மாம்பலம் ஒண்ணு"ன்னு சொன்னா, அவரு நாலு அமுக்கு அமுக்கி டிக்கெட்டைக் குடுப்பாரு. மெசினு தானியங்கியா, பெரியவரு தானியங்கியா? ஆனா நான் அந்த வரிசையிலதான் நிப்பேன். ஏன் தெரியுமா? அவருகிட்ட "செங்கல்பட்டு வண்டி எந்த நடைமேடை"ன்னு கேட்டா பதில் வரும். மெசினு அமுக்கிக்கினே இருந்தாலும் வாய் தொறக்காது.

நீயோ, "தாத்தா, நான் கியூவுல நிக்க மாட்டேன், செல்லுலயே எடுப்பேன்"ன்னு நெஞ்சை நிமித்துற. எடேன், யாரு வேணாங்கறா? தண்டவாளத்துக்குப் பக்கத்துல நின்னா அது டிக்கெட்டு தராது. கொஞ்சம் தள்ளி வெளிய நின்னு எடுக்கணும். இல்லாட்டி டேசன் சுவத்துல ஒட்டியிருக்கற கட்டம் போட்ட படத்தைச் செல்லுக்குக் காட்டணும். ரயிலு ஏறப்போறவன் ரயிலை வுட்டுத் தள்ளி நின்னாத்தான் டிக்கெட்டுன்னா, அதுல ஒரு ஞாயமும் இருக்கு. டிடியைப் பாத்ததும் டிக்கெட்டு எடுக்குற புத்திசாலிங்களுக்குன்னே வெச்ச விதி அது. நீ அந்த ஜாதி இல்லன்னு நம்புறேன். ஆனா ஒண்ணு. காலையில செல்லுல பாட்டு கேட்டு, படம் பாத்து, சார்ஜு தீந்து, கறுப்புக் கண்ணாடியக் காட்டி "டிக்கெட்டு உள்ள இருக்கு சார்"னு நின்னா எந்த டிடி நம்புவாரு? அஞ்சு ரூபாய்க் காகிதத்துக்குச் சார்ஜு தீராதுடா.

கெளாம்பாக்கம் கதை தெரியுமில்ல? 2023 டிசம்பர் 30ந் தேதி பெரிய பஸ் முனையம் தொறந்தாங்க. தென் மாவட்டத்து பஸ்ஸெல்லாம் அங்கதான்னாங்க. பக்கத்துலயே தண்டவாளம் ஓடுது. இந்தாண்ட வண்டலூர், அந்தாண்ட ஊரப்பாக்கம். ஆனா தொறந்த அன்னிக்கு அங்க ரயிலு நிக்க ஒரு டேசன் இல்ல! கல்யாண மண்டபத்தைக் கட்டி, சமையலுக்கு ஆளு வெச்சு, மேளத்தையும் அடிச்சிட்டு, அப்பால பொண்ணு தேடுன கதை. நடுராத்திரி திருச்சி பஸ்ஸுல வந்து எறங்குனவன், மூட்டைய வெச்சிக்கினு, கண்ணெதிர்ல லோக்கல் பறந்து போறதைப் பாத்து இன்னா பண்ணுவான்? கை காட்டுவானா? பேரு வெக்குறதுக்கு மின்ன, பளிங்குக் கல்லு பதிக்குறதுக்கு மின்ன, ஒரு கெழவிய கூப்புட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பா: "ரயிலு எங்கய்யா நிக்கும்?"

அதை வுடு, வேளச்சேரியிலருந்து பரங்கிமலைக்கு ஒரு பறக்கும் ரயில் பாதை. அஞ்சு கிலோமீட்டர். 2008ல ஆரம்பிச்சாங்க. நெலத்துக்கு வழக்குன்னாங்க, காசுன்னாங்க. அந்த வருசம் பொறந்த புள்ளை 2024ல பத்தாங்கிளாசு பரீட்சை எழுதிட்டான். பாதை அப்பவும் தொறக்கல. அஞ்சு கிலோமீட்டரை நான் நடந்தே போவேன்டா, நடுவுல டீ குடிச்சிட்டு.

இப்ப தாம்பரத்துக்காரனுக்குப் புதுசா ஒரு கொம்பு மொளைச்சிருக்கு. "நாங்க மூணாவது முனையம்"ங்கறான். சென்ட்ரல், எழும்பூர், அப்பால தாம்பரமாம். இருக்கட்டும், பெருமைதான். அந்தியோதயா வண்டி 2018 ஜூன்ல இங்கருந்து திருநெல்வேலிக்குப் பொறப்பட்டுது, இப்ப நாகர்கோவில் வரைக்கும் போவுது. பூரா ரிசர்வேசன் இல்லாத வண்டி. 2025 ஏப்ரல் 6ந் தேதி பாம்பன்ல புதுப் பாலம் தொறந்தப்ப, ராமேஸ்வரம் தாம்பரம் வண்டிக்குத்தான் கொடி காட்டுனாங்க. நல்லதுதான்.

மின்னாடி நம்ம ஆளுங்க இன்னா பண்ணுவாங்க தெரியுமா? தாம்பரத்துல வூடு. ஊருக்குப் போவ தாம்பரத்துல ஏறலாம். ஏற மாட்டாங்க. பெட்டி படுக்கையோட லோக்கல் புடிச்சு எழும்பூருக்குப் போவாங்க. அங்க வண்டி பொறப்படுற எடத்துல முண்டியடிச்சு எடம் புடிப்பாங்க. அரை மணி நேரம் கழிச்சு அதே வண்டியில அதே தாம்பரத்தைத் தாண்டுவாங்க. இப்ப அந்தக் கஷ்டம் ராயபுரத்துக்காரனுக்கும் பெரம்பூர்காரனுக்கும் போயிருக்கு. அவன் மூட்டையோட ஒரு மணி நேரம் லோக்கல்ல தொங்கி இங்க வரான். ஒருத்தன் பெருமையில இன்னொருத்தன் முதுகு வலி இருக்குன்னு மறந்துடாத.

ரிசர்வேசன்னு சொன்னதும் ஞாபகம் வருது. நாலு மாசம் மின்னாடியே டிக்கெட்டு போட்டீங்களே! 120 நாளா இருந்ததை 2024 நவம்பர்லருந்து 60 நாள் ஆக்குனாங்க. ரொம்ப நல்லது. பொண்ணு பாக்கறதுக்கு மின்னயே தல தீவாளிக்கு ரெண்டு டிக்கெட்டு போட்டு வெச்ச பையனை எனக்குத் தெரியும். அவ்ளோ முன்யோசனை இருக்கறவன், வண்டி பொறப்பட ரெண்டு நிமிசம் இருக்கும்போது தண்டவாளத்துல குதிச்சுத் தாண்டி ஓடி வரான். அறுபது நாள் மின்னாடி யோசிச்ச மூளை, அறுபது படி ஏற யோசிக்குது.

அதுக்குத்தான் நகரும் படிக்கட்டு வெச்சிருக்கான், பாலம் வெச்சிருக்கான். ஏறேன்! காலையில வூட்டுல ஓடுற மெசினுல அரை மணி நேரம் ஒரே எடத்துல ஓடுறியே, அதுக்கு மாசத் தவணை வேற கட்டுற. டேசன் மேம்பாலம் இலவசம்டா. ஏறுனா உடம்புக்கும் நல்லது, உசிருக்கும் நல்லது. மூட்டு தேஞ்ச நானே கம்பியப் புடிச்சிக்கினு ஏறுறேன். எதிர்ப் பாதையில வர்ற வண்டிக்கு உன் இன்டர்வியூ நேரம் தெரியாது.

இதெல்லாம் ஏன் சொல்றேன்? 2024 ஜூலை கடைசியிலயும் ஆகஸ்டுலயும் தாம்பரம் யார்டுல பெரிய வேலை நடந்துது. வேணும்னுதான் செஞ்சாங்க, நல்ல வேலைதான். பகல்ல பல வண்டி பல்லாவரத்தோட நின்னுது. அந்தாண்ட கூடுவாஞ்சேரியிலருந்துதான் வண்டி. நடுவுல பஸ்ஸு. அப்ப பாக்கணுமே ஜிஎஸ்டி ரோட்டை! நாப்பது லட்சம் காருல ஏசி போட்டுக்கினு ஒருத்தன் உக்காந்திருக்கான். பின்னாடி ஆட்டோவுல மார்க்கெட்டுக்குப் போவ வேண்டிய காய் வாடுது. மீட்டிங்குக்குப் போறவனும் மீன் விக்கப் போறவளும் ஒரே எடத்துல நிக்குறாங்க. அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, இந்த ஊரைத் தூக்கி நிறுத்துறது எதுன்னு. வில்லா இல்ல, மால் இல்ல, ஐடி பார்க்கு இல்ல. வேர்க்கடலைத் தோலு கெடக்குற, சமோசா கூடை ஏறுற, அஞ்சு ரூபா லோக்கல். அதுக்கு மேல கட்டுனதெல்லாம் தோரணம். தோரணம் வேணாம்னா சொல்றேன்? பந்தலை மொதல்ல நட்டியான்னு கேக்குறேன்.

வண்டி நிக்கவும் ஊரே நின்னுச்சு. வண்டி மறுபடி ஓடவும் என்ன ஆச்சு? மூணு நாள்ல எல்லாரும் மறந்தாங்க. ரெண்டு நிமிசம் லேட்டான்னு மறுபடி மொணமொணன்னு திட்ட ஆரம்பிச்சாங்க. திட்டு, தப்பில்ல. ஆனா சரியான எடத்துல திட்டு. ஏசி வண்டி கலர் நல்லா இல்லன்னு திட்டாத. சாயங்காலம் ஆறு மணிக்குப் பொம்பளைங்க பெட்டியில மூச்சு வுட எடம் இல்லன்னு திட்டு. மொகப்புல வெளக்கு எரியலன்னு அழாத. நடைமேடையில கொழாயில தண்ணி வரலன்னு கேளு. கடைசி நிமிசத்துல "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ன்னு சொல்லி நடைமேடைய மாத்துறாங்களே, முழங்கால் வலிக்காரன் எப்பிடி ஓடுவான்னு கேளு. கனிவு கொரல்ல மட்டும் இருந்தாப் போதுமா?

இன்னும் நெறைய தொறப்பாங்க. புது டேசன் வரும், புதுப் பாதை வரும், மெட்ரோ வரும்னு சொல்லுவாங்க. ரிப்பன் கட்டுவாங்க, கொடி காட்டுவாங்க. உன்னையும் கூப்புடுவாங்க. போ, வேணாங்கல. மொதல் வரிசையில உக்காரு, குடுக்குற ஜூசைக் குடி. பேச்சு முடிஞ்சதும் எழுந்து நாலே கேள்வி கேளு. வண்டி எத்தினி மணிக்கு? எங்கெங்க நிக்கும்? எத்தினி பெட்டி? டேசன் கக்கூசு தொறந்திருக்குமா, பூட்டியிருக்குமா? நாலுக்கும் நேரா பதில் வந்துச்சுன்னா எழுந்து நின்னு கை தட்டு. வரலியா? கைய எடுத்து ஜோபுல வெச்சுக்கோ. அவ்ளோ கூட்டத்துல உன் கை உன் பர்சு மேல இருக்கறதும் நல்லதுதான்டா.